ஒரே பங்கை இரண்டு முறை எண்ணினேன்

சிஏ ஃபைனலில் எஃப்.ஆர். (நிதி அறிக்கை) பேப்பரை முதல் தடவை எழுதியபோது அசோசியேட் கணக்கில் சறுக்கினேன். அசோசியேட் என்றால் நம் கம்பெனி பங்கு வைத்து, கணிசமான செல்வாக்கும் செலுத்தும் வேறொரு கம்பெனி. அந்தக் கம்பெனியின் லாபத்தில் நம் பங்கைச் சேர்த்தேன், அப்புறம் வந்த டிவிடெண்டையும் சேர்த்தேன். நுங்கம்பாக்கம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றபோதுதான் உறைத்தது. அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

மயிலாப்பூரில் ஆர்ட்டிகிள்ஷிப் (சிஏ பயிற்சி) செய்த ஆபீசில் ஒரு சீனியர் அண்ணாவிடம் சொன்னேன். டீ கிளாஸை நகர்த்திவிட்டு ரஃப் தாளில் ஒரு கட்டம் போட்டார். "லாபத்துல உன் பங்கை ஏற்கெனவே எடுத்துட்டப்பா. டிவிடெண்ட் அதுலேருந்து கைக்கு வந்த காசு. முதலீட்டுத் தொகையிலதான் கழிக்கணும்."

வேறொரு கம்பெனியின் ஓட்டுரிமையில் 20 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், கணிசமான செல்வாக்கு உண்டு என்று இண்ட் ஏ.எஸ். 28 என்ற இந்தியக் கணக்கியல் தரம் எடுத்துக்கொள்ளும். அதற்குக் கீழே பெரும்பாலும் இண்ட் ஏ.எஸ். 109 தான், பங்கை நியாய மதிப்பில் காட்ட வேண்டும். அந்த மதிப்பின் ஏற்ற இறக்கத்தை ஓ.சி.ஐ.யில் (லாபக் கணக்கில் சேராத இதர விரிவான வருமானம்) காட்டுவதாகக் கம்பெனி தேர்ந்தெடுத்திருந்தால் லாபக் கணக்குக்கு டிவிடெண்ட் மட்டுமே வரும். பங்கை விற்றாலும் அந்த ஆதாயம் அங்கே வராது.

லாபத்தை எடைபோடும்போது இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஒரு கம்பெனியின் சந்தை மதிப்பு 1,000 கோடி, லாபம் 50 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பி.இ., அதாவது சந்தை மதிப்பை லாபத்தால் வகுத்தால் வருவது, 20. அதன் கையில் வேறொரு லிஸ்டட் கம்பெனியின் 15% இருக்கிறது. அந்தப் பங்கின் மதிப்பு 300 கோடி, வந்த டிவிடெண்ட் 3 கோடி. 1,000-க்குள் அந்த 300 முழுசாக உட்கார்ந்திருக்கிறது, 50-க்குள் இருப்பதோ வெறும் 3. இரண்டையும் எடுத்துவிட்டு 700-ஐ 47-ஆல் வகுத்தால் 14.9. சொந்தத் தொழிலுக்குச் சந்தை தரும் விலை அதுதான். (விற்றால் வரி உண்டு. பட்டியலிட்ட பங்குகளின் நீண்டகால ஆதாயத்துக்கு 2024 ஜூலை 23 முதல் 12.5%. அதையும் 300-இல் கழித்துப் பார்ப்பது நல்லது.)

இன்னொரு வழியை அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் தன் பங்குதாரர்களுக்கு விளக்கியிருக்கிறார். டிவிடெண்டாக வராமல் அங்கேயே தங்கிய லாபத்தில் நம் பங்கைக் கூட்டுவது. அந்த லிஸ்டட் கம்பெனியின் லாபம் 120 கோடி என்றால் நம் பங்கு 18. 3 ஏற்கெனவே கணக்கில் உண்டு. மிச்சம் 15-ஐச் சேர்த்தால் 65. பி.இ. 15.4. அந்த 15 டிவிடெண்டாக வந்திருந்தால் கட்டியிருக்க வேண்டிய வரியையும் அவர் கழித்துவிடுவார்.

இரண்டில் ஒரு வழிதான். 300-ஐயும் கழித்து, 15-ஐயும் கூட்டினால் பரீட்சை ஹாலில் நான் செய்த அதே தப்பு. அதனால் இப்போதும் எந்தக் கணக்கு என்றாலும் முதலில் அண்ணா போட்ட மாதிரி கட்டம் போட்டு, இந்தப் பங்கு எங்கே எண்ணப்பட்டிருக்கிறது என்று எழுதிவிட்டுத்தான் கால்குலேட்டரைத் தொடுகிறேன்.