பழுதோடு ஓடிய சீசன்

இரவுப் பணியில் இருப்பவனுக்கு பேஸ்பாலைப் போல ஒத்துப்போகும் விளையாட்டு வேறில்லை. மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் வரை ஏறக்குறைய தினமும் ஆட்டம் உண்டு. ஓர் அணிக்கு 162 ஆட்டங்கள். மேற்குக் கரையில் ஆடப் போனால் எங்கள் பக்கத்து நேரப்படி இரவு பத்து மணி வாக்கில்தான் முதல் பந்தே விழும். 2019-இல் நான் வடக்கு வர்ஜீனியாவில் ஓர் அலுவலகத்தில் கணினிப் பராமரிப்புப் பிரிவில் இருந்தேன். காப்பீட்டுக் கோரிக்கைகளைக் கையாளும் மென்பொருள் அது. பகலில் ஊழியர்கள் பயன்படுத்துவார்கள், இரவில் அன்றைய கணக்கு முழுவதும் ஒரே ஓட்டமாக ஓடும். அந்த ஓட்டம் பாதியில் நின்றால் தட்டிக் கிளப்ப ஓர் ஆள் வேண்டும். என் இடப்பக்கத் திரையில் கணக்கு ஓடும், வலப்பக்கத்தில் வாஷிங்டன் நேஷனல்ஸ் தோற்றுக்கொண்டிருக்கும்.

அந்த சீசனைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். மே மாதம் 23-ஆம் தேதி 19 வெற்றி, 31 தோல்வி. அக்டோபர் 30-ஆம் தேதி, சீசனின் இறுதிப் போட்டியான வேர்ல்ட் சீரிஸின் கோப்பை. நடுவில் விடாமுயற்சி. அலுவலகக் கூட்டங்களில் ஊக்க உரை ஆற்றுகிறவர்களுக்கு இது இருட்டுக்கடை அல்வா. நானே இரண்டு பேரிடம் கேட்டுவிட்டேன். எனக்கு அந்தக் கதையில் ஓர் உறுத்தல் உண்டு. அந்த அணி தன்னுடைய பெரிய பழுதைக் கடைசி வரை சரிசெய்யவே இல்லை. பழுதைச் சுற்றிக்கொண்டு போக ஒரு வழி கண்டுபிடித்தது, அவ்வளவுதான்.

பழுது என்னவென்று சொல்லிவிடுகிறேன். பேஸ்பாலில் ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர், அதாவது பந்து வீசுபவர், ஐந்தாறு இன்னிங்ஸ் வீசுவார். பிறகு நான்கு நாள் ஓய்வு. மிச்சமிருக்கும் மூன்று நான்கு இன்னிங்ஸை முடித்துக் கொடுக்க ஏழெட்டுப் பேர் வேலிக்கு அப்பால் தயாராக உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் கூட்டத்துக்குப் புல்பென் என்று பெயர். கிரிக்கெட்டில் கடைசி ஐந்து ஓவரை யாரிடம் கொடுப்பது என்று தலைவர் திணறுவாரே, அந்தத் திணறல் இங்கே தினசரி. நேஷனல்ஸிடம் தொடக்கப் பிட்சர்கள் ராஜாக்கள்: மாக்ஸ் ஷெர்ஸர், ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க், அந்த ஆண்டு ஆறு வருட ஒப்பந்தத்தில் 14 கோடி டாலருக்கு வந்த பாட்ரிக் கார்பின், அனுபவஸ்தர் அனிபால் சான்செஸ். புல்பென்னில் ஷான் டூலிட்டில் என்ற ஒருவரைத் தவிர மற்றவர்கள் பந்தை எடுத்தாலே எங்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

தொடக்கமே சரியில்லை. பிரைஸ் ஹார்ப்பர், அந்த ஊரின் செல்லப்பிள்ளை, 13 ஆண்டுகளுக்கு 33 கோடி டாலர் என்ற ஒப்பந்தத்தில் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய்விட்டார். ஏப்ரல் 2-ஆம் தேதி புது அணியின் உடையில் அவர் வாஷிங்டன் வந்தபோது மைதானமே கூச்சலிட்டது. அவர் ஹோம் ரன், கிரிக்கெட் சிக்ஸர் மாதிரியான அடி, ஒன்றை அடித்துவிட்டுப் போனார். அதே ஆட்டத்தின் முதல் இன்னிங்ஸில் ட்ரே டர்னருக்கு ஆள்காட்டி விரல் முறிந்தது. திரும்பி வந்தபோதும் விரல் முழுதாக மடங்கவில்லை. அந்த விரலோடே மீதி சீசனை ஆடி முடித்து, பிறகுதான் அறுவை சிகிச்சைக்குப் போனார். மே 2-ஆம் தேதி பிட்சிங் பயிற்சியாளரை வேலையிலிருந்து அனுப்பினார்கள்.

இந்தக் கடைசிச் செய்தி எங்கள் பிரிவில் கொஞ்சம் சிரிப்பை வரவழைத்தது. அதே வசந்த காலத்தில் எங்கள் வாடிக்கையாளர் தரப்பிலும் ஒருவரை மாற்றியிருந்தார்கள். ஓர் ஆளை மாற்றினால் ஏதோ நடந்துவிட்டது போன்ற தோற்றம் உடனே கிடைக்கும். கணினி அன்றிரவும் வழக்கம்போல நின்றது. நேஷனல்ஸின் புல்பென்னும் அடுத்த மூன்று வாரம் வழக்கம்போல உடைந்தது.

மே மாதம் நியூயார்க்கில் மெட்ஸ் அணியிடம் நான்கு ஆட்டங்களையும் தோற்றார்கள். நான்காவதில், எட்டாவது இன்னிங்ஸில் 4-3 என்று முன்னிலைக்கு வந்துவிட்டு, அதே இன்னிங்ஸின் பின்பாதியில் மூன்று ரன் ஹோம் ரன் கொடுத்தார்கள். நடுவரோடு வாக்குவாதம் செய்த மேலாளர் டேவ் மார்ட்டினெஸ் வெளியேற்றப்பட்டார். எங்களோடு பணிபுரிந்த கோயம்புத்தூர்க்காரத் தம்பி, “அண்ணா, இந்த ஆளை இன்னும் ஏன் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்?” என்று கேட்டான். ஊர் முழுக்க அதுதான் கேள்வி. பொது மேலாளர் மைக் ரிஸ்ஸோ அவரை நீக்கவில்லை. இதைப் பெரிய தீர்க்கதரிசனம் என்று இப்போது எழுதுகிறார்கள். ஐம்பது ஆட்டத்தைப் பார்த்து 162-க்குத் தீர்ப்பு எழுதுவது அவசரம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அதைவிட முக்கியம், தோல்விகள் எந்த இடத்திலிருந்து வருகின்றன என்று அவருக்குத் தெரியும். மேலாளரை மாற்றினால் புல்பென் மாறிவிடாது.

எங்கள் மென்பொருளிலும் அப்படி ஓர் இடம் இருந்தது. இரவு ஓட்டத்தின் நடுப்பகுதியில் ஒரு நிரல், எடுத்த நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்காது. இரண்டு மூன்று நாளில் சர்வர் மூச்சு முட்டி நிற்கும். சரிசெய்ய வேண்டுமானால் பழைய நிரலின் பாதியைத் திருப்பி எழுத வேண்டும். அதற்குப் பணமும் ஒதுக்கவில்லை, ஆளும் இல்லை. ஆகவே அதிகாலையில், ஓட்டத்தின் இரண்டு கட்டங்களுக்கு நடுவே கிடைக்கும் சிறிய இடைவெளியில், சர்வரை நாங்களே நிறுத்திவிட்டு மறுபடி கிளப்புவோம். முதலில் வரிசையில் காத்திருக்கும் கோப்புகள் காலியாக வேண்டும். பிறகு நிறுத்த வேண்டும். பதிவேட்டில் கடைசி வரி வந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் மறுபடி தொடங்க வேண்டும். வரிசை காலியாகும் முன்பு நிறுத்தினால் சில கோரிக்கைகள் இரண்டு முறை பதிவாகும், காலையில் யாரோ ஒருவருக்கு இரட்டைக் காசோலை தயாராகும். இதை ஒழுங்காகச் செய்யத் தெரிந்தவர்கள் எங்களில் இரண்டே பேர். பணிப்பட்டியலில் என்னவோ ஆறு பெயர் இருக்கும்.

அந்தக் கோடையில் நேஷனல்ஸ் ஜெயிக்க ஆரம்பித்த விதத்தை இந்தக் கண்ணோடுதான் பார்த்தேன். ஷெர்ஸர் ஜூன் 18-ஆம் தேதி பயிற்சியில் பந்து பட்டு மூக்கை உடைத்துக்கொண்டார். மறுநாள் கண்ணுக்குக் கீழே கருநீலமாக வீங்கிய முகத்தோடு வந்து ஏழு இன்னிங்ஸ் ஒரு ரன்னும் கொடுக்காமல் வீசி, பத்துப் பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். ஊரே மெய்சிலிர்த்தது. எனக்கும் சிலிர்த்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஓர் அணி மூக்குடைந்தவரை மறுநாளே நம்பி நிற்கிறது என்றால் மாற்று ஆள் போதவில்லை என்றும் அர்த்தம் உண்டு.

மகிழ்ச்சியான பகுதி நன்றாகத் தெரிந்த கதை, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மே மாதம் வேறு அணி கைவிட்ட ஹெரார்டோ பாரா வந்து சேர்ந்தார். பந்தைச் சரியாக அடிக்க முடியாமல் தவித்த நாட்களில், தன் சிறு மகளுக்குப் பிடித்த ‘பேபி ஷார்க்’ பாட்டோடு மட்டை பிடிக்க வந்தார். அக்டோபருக்குள் மைதானம் முழுவதும் பெரியவர்கள் சுறாவின் வாயைப் போல இரு கைகளையும் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஆன்டனி ரெண்டன் 126 ரன்களை உள்ளே கொண்டுவந்தார். ஹுவான் சோட்டோவுக்கு அப்போது இருபது வயது, 34 ஹோம் ரன். மே 23-க்குப் பிறகு 74 வெற்றி, 38 தோல்வி.

இத்தனைக்குப் பிறகும் புல்பென் தேறவில்லை. ஜூலை 31-ஆம் தேதி ஒரே நாளில் மூன்று பேரை வாங்கினார்கள். அவர்களில் டேனியல் ஹட்சன் ஒருவர்தான் நின்றார். செப்டம்பர் 3-ஆம் தேதி மெட்ஸுக்கு எதிராக ஒன்பதாவது இன்னிங்ஸில் ஐந்து ரன் கொடுத்து 10-4 என்று பின்தங்கிவிட்டு, அதே இன்னிங்ஸில் ஏழு ரன் எடுத்து 11-10 என்று வென்றார்கள். கர்ட் சுசுகியின் ஹோம் ரன்னைப் பார்த்து ஊர் கூத்தாடியது. அன்று எதிரணியின் புல்பென் நம்முடையதைவிட மோசமாக இருந்தது, அதுதான் உண்மை. சீசன் முடிவில், இரண்டு லீக்குகளில் இவர்கள் ஆடிய நேஷனல் லீகிலேயே மிக மோசமான புல்பென் இவர்களுடையதுதான். 93 வெற்றிகளோடு தங்கள் பிரிவில் இரண்டாம் இடம். செப்டம்பர் நடுவில் மார்ட்டினெஸ் நெஞ்சு வலியோடு மருத்துவமனைக்குப் போய், சில நாட்களில் திரும்பியும் வந்துவிட்டார்.

அக்டோபரில்தான் அந்தச் சுற்றுவழி திறந்தது. நாக் அவுட் கட்டத்தில் நடுநடுவே ஓய்வு நாட்கள் வரும். எனவே நல்ல பிட்சர்கள் நான்கு பேரையும், நம்பத்தக்க புல்பென் பிட்சர்கள் இருவரையும் வைத்தே பெரும்பாலும் ஒப்பேற்றிவிடலாம். மில்வாக்கிக்கு எதிரான ஒற்றை ஆட்டத்தில் ஷெர்ஸருக்குப் பிறகு, தொழில்முறை ஆட்டங்களில் அதுவரை தொடக்கப் பிட்சராக மட்டுமே வீசியிருந்த ஸ்ட்ராஸ்பர்க்கை இறக்கி மூன்று இன்னிங்ஸ் வீச வைத்தார் மார்ட்டினெஸ். 106 ஆட்டங்களை வென்றிருந்த டாட்ஜர்ஸுக்கு எதிராக ஷெர்ஸர் ஆட்டத்தின் நடுவில் வந்து ஓர் இன்னிங்ஸ் வீசினார். அடுத்த ஆட்டத்தில் கார்பினை அதே போல இறக்க, அவர் ஆறு ரன் கொடுத்தார். சுற்றுவழியிலும் பள்ளம் உண்டு. அந்தத் தொடரின் ஐந்தாவது, கடைசி ஆட்டத்தை ரெண்டன், சோட்டோ ஆகியோரின் அடுத்தடுத்த ஹோம் ரன்களும், பத்தாவது இன்னிங்ஸில் ஹோவி கென்ட்ரிக்கின் கிராண்ட் ஸ்லாமும், அதாவது நான்கு ரன் ஹோம் ரன்னும், காப்பாற்றின.

அடுத்த சுற்றின் முதல் ஆட்டத்தன்று ஹட்சன் வரவில்லை. மனைவிக்குப் பிரசவம். இருக்கும் இரண்டு நம்பிக்கையான ஆட்களில் ஒருவர் லீவில் போகிறார், அதுவும் லீக் இறுதிச் சுற்றில். வெளியிலிருந்து சிலர் முணுமுணுத்தார்கள். அணி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சான்செஸ் எட்டாவது இன்னிங்ஸ் வரை ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் வீச, டூலிட்டில் முடித்துக்கொடுத்தார். அந்த முழு சீசனிலும் நிர்வாகம் என்ற வகையில் எனக்கு மிகவும் பிடித்த நாள் அதுதான். எங்கள் பிரிவில் ஒருவர் குழந்தை பிறந்த வாரத்திலும் வீட்டிலிருந்தபடியே சர்வரை நிறுத்திக் கிளப்பியிருக்கிறார். அவருக்கு நன்றி மின்னஞ்சல் வந்தது.

வேர்ல்ட் சீரிஸில் ஹூஸ்டனோடு ஏழு ஆட்டங்கள். ஏழிலும் வெளியூர் அணியே வென்றது, ஆகவே வாஷிங்டனில் இருந்த நாங்கள் நேரில் பார்க்கக்கூடிய மூன்றும் தோல்விகள். கழுத்துப் பிடிப்பால் ஐந்தாவது ஆட்டத்தில் எழ முடியாமல் போன ஷெர்ஸர், ஊசி போட்டுக்கொண்டு ஏழாவதில் வந்து ஐந்து இன்னிங்ஸ் வீசினார். பிறகு டாட்ஜர்ஸிடம் ஆறு ரன் கொடுத்த அதே கார்பினை மறுபடி கூப்பிட்டார் மார்ட்டினெஸ். மூன்று இன்னிங்ஸ், ஒரு ரன்னும் இல்லை. கென்ட்ரிக் அடித்த பந்து வலது எல்லைக் கம்பத்தில் மோதி ஹோம் ரன் ஆனது. ஹட்சன் முடித்தார். 6-2. வாஷிங்டனுக்கு 1924-க்குப் பிறகு முதல் வேர்ல்ட் சீரிஸ் கோப்பை. எங்கள் பிரிவின் மூத்தவர் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். 1971-இல் பழைய அணி டெக்சஸுக்குப் போன பிறகு 2005 வரை ஊருக்கு அணியே இல்லாமல் காத்திருந்த தலைமுறை. அன்றிரவு அவர் எனக்குக் குறுஞ்செய்திகூட அனுப்பவில்லை. மறுநாள் வேலைக்கும் வரவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை.

பிறகு நடந்ததை ஊக்க உரைகளில் சொல்வதில்லை. ரெண்டன் வேறு அணிக்குப் போனார். அந்த ஆண்டு சீசனிலேயே 209 இன்னிங்ஸ் வீசி, அக்டோபரில் மேலும் 36 வீசி, வேர்ல்ட் சீரிஸின் சிறந்த வீரர் விருதை வாங்கிய ஸ்ட்ராஸ்பர்க் ஏழு ஆண்டுகளுக்கு 24.5 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார். அதன் பிறகு அவர் வீசியது மொத்தமே எட்டு ஆட்டங்கள். காயங்கள் வேறு வேறு. அக்டோபர்தான் காரணம் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. அதற்குச் சம்பந்தமே இல்லை என்று சொல்லவும் எனக்கு நா எழவில்லை. கார்பின் காயம்படாமல் முறை தவறாமல் வீசினார், வீசி வீசித் தோற்றார். 2022-இல் அவர் கணக்கு 6 வெற்றி, 19 தோல்வி.

அந்த ஆண்டு கோடையில் கோயம்புத்தூர்த் தம்பியும் மூத்தவரும் கார்பினைப் பற்றி அலுவலகச் சாப்பாட்டு மேசையில் சண்டையே போட்டார்கள். பதினான்கு கோடி வீண் என்றான் தம்பி. அந்த மூன்று இன்னிங்ஸுக்கே அது ஈடாகிவிட்டது, மிச்சமெல்லாம் உபரி என்றார் மூத்தவர். தம்பி தொலைபேசியை எடுத்து ஓர் இன்னிங்ஸுக்கு எவ்வளவு டாலர் என்று கணக்குப் போட ஆரம்பித்தான். மூத்தவர் தன் சாண்ட்விச்சை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டார். எங்கள் சர்வரை அப்போதும் அதிகாலையில் நிறுத்திக் கிளப்பிக்கொண்டுதான் இருந்தோம். செய்யத் தெரிந்தவர்கள் மூன்று பேராகியிருந்தார்கள்.