வெள்ளியிடம் பலிக்காத பில்டர்

சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைகளுக்கு வெள்ளிக் கொலுசுகளைப் படமெடுத்துக் கொடுப்பது என் பிழைப்பு. கண்ணாடிமேல் கிடத்திய கொலுசில் கண்ணைக் கூசவைப்பவை இரண்டு: கண்ணாடியின் பளபளப்பு, வெள்ளியின் பளபளப்பு. ஒளியின் ஒரு தளத்து அதிர்வை மட்டும் உள்ளே விடும் போலரைசர் என்ற பில்டரை லென்ஸில் மாட்டிச் சற்றுச் சாய்வாக நின்று வளையத்தைத் திருப்பினால் முதலாவது மறைந்துவிடும். இரண்டாவது அசைந்து கொடுக்காது. “தம்பி, இத்தனை விலை கொடுத்த பில்டர் வெள்ளியிடம் வாலாட்ட முடியவில்லையே?” என்று ஒரு கடைக்காரர் சிரித்தார்.

பில்டர்மேல் பழி போடுவது நியாயமில்லை. ஒரே தளத்தில் அதிரும் ஒளியைத்தான் அதனால் முழுதாகத் தடுக்க முடியும். கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி தானாகவே அப்படி ஒரே தளத்தில் அதிரும் தன்மையை, அதாவது தளவிளைவைப் பெறுகிறது. செங்குத்திலிருந்து ஏறத்தாழ 56 டிகிரி சாய்வில் அது முழுமையடைகிறது. 1815-இல் டேவிட் புரூஸ்டர் கண்ட விதி இது. உலோகம் அந்த உதவியைச் செய்வதில்லை. எல்லாத் தளங்களிலும் அதிர்ந்து வந்ததை ஏறக்குறைய அப்படியே திருப்பி அனுப்பிவிடுகிறது.

எனவே விளக்கின் முன்பும் ஒரு போலரைசர் தாளை ஒட்டுகிறேன். இப்போது வெள்ளிக்குப் போவதே ஒரு தளத்து ஒளி. திரும்புவதும் பெரும்பாலும் அதுவே. லென்ஸ் பில்டரைக் குறுக்கே திருப்பினால் அடங்கிவிடுகிறது. ஆனால் முழுதாக அடக்கினால் வெள்ளி கரியேறிய ஈயம்போல் செத்துக் கிடக்கும். எனாமல் பூக்களின் சிவப்பும் பச்சையும் மட்டும் துலங்கும். நிறப்பூச்சுக்குள் சிதறி வரும் ஒளி தளத்தைத் தொலைத்துவிடுகிறதே! மணிகளின் இடுக்கில் மோதி மோதித் தளம் மாறிய ஒளியும் ஊசிமுனைப் புள்ளிகளாக எட்டிப்பார்க்கும். கறுத்த வெள்ளியை யார் வாங்குவார்கள்? வளையத்தை 20 டிகிரி பின்வாங்குவேன். அடக்கிய பளபளப்பில் சுமார் 12 சதவீதம் திரும்பிவரும். வெள்ளிக்கு உயிர் வர அது போதும்.

பிளாஸ்டிக் டப்பாவோடு எடுக்கச் சொன்னால் மறுத்துவிடுவேன். வார்ப்பில் உறைந்த இறுக்கமெல்லாம் இரண்டு பில்டர்களுக்கிடையே வானவில்லாக விரியும். கடைக்காரருக்கு அது பிடித்திருந்தது என்பது வேறு கதை.

ஏற்காட்டில் திருமண ஜோடிகளை எடுக்கும்போது வேறு தொல்லை. வானத்தின் தளவிளைவு சூரியனிலிருந்து 90 டிகிரி விலகிய பட்டையில்தான் உச்சம். அகல லென்ஸில் வானம் நடுவில் கருநீலமாகவும் ஓரங்களில் வெளிறியும் திட்டுத்திட்டாக விழும். மூடுபனி இறங்கிவிட்டால் போலரைசரைக் கழற்றிவிடுகிறேன். நீர்த்துளிகளில் பலமுறை சிதறிய ஒளியில் அது தடுப்பதற்குத் தனியாக எதுவும் இல்லை. ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகக் குறைவது) வெளிச்சம்தான் வீண்.