கீட்டோ உணவு: இனிப்பு மருந்துப் புட்டியில் வந்தது

இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்துப் பார்த்தும் பிள்ளைக்கு வலிப்பு நிற்கவில்லையா? கொழுப்பை மிக அதிகமாகவும் மாவுச்சத்தை மிகக் குறைவாகவும் கொடுக்கும் கீட்டோ உணவைப் பற்றி டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். 1921லிருந்து இருக்கிற சிகிச்சை இது. எங்களிடம் யாரும் வாய் திறக்கவில்லை, நாங்களாகக் கேட்டுத்தான் கிடைத்தது.

டாக்டரும் டயட்டீஷியனும் பொறுமையாகவே பேசினார்கள். மாட்டிக்கொண்டது ரத்தப் பரிசோதனையில். பழைய மருத்துவமனை அனுப்ப வேண்டிய ரிப்போர்ட் வந்து சேரவில்லை. கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ரிப்போர்ட் இல்லை, வேற தேதி எடுங்க" என்றார். விடியுமுன் செந்தூலிலிருந்து கிளம்பி வந்த எங்களுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் அந்தப் பரிசோதனையைத் தாண்டிப் போக முடியாது. சில பிள்ளைகளின் உடம்புக்குக் கொழுப்பை எரிக்கும் சக்தி பிறவியிலேயே இருக்காது. அவர்களுக்கு இந்த உணவு உயிருக்கே ஆபத்து. அதனால் எல்லா ரிப்போர்ட்டுக்கும் நகல் எடுத்துக் கையோடு கொண்டு போங்கள்.

எங்கள் மகனுக்கு 4:1 கணக்கு. மாவுச்சத்தும் புரதமும் சேர்ந்து 1 கிராம் என்றால் கொழுப்பு 4 கிராம். இட்லி, மைலோ எல்லாம் போயிற்று. அதற்குப் பழகிவிட்டோம்.

பழக முடியாதது காய்ச்சல் வந்த அன்று நடந்தது. பக்கத்துக் கிளினிக்கில் வழக்கமான இனிப்பு சிரப் கொடுத்தார்கள். கொழுப்பு எரியும்போது உடம்பில் உண்டாகும் கீட்டோன் அந்தச் சர்க்கரையால் இறங்கி, அடங்கியிருந்த வலிப்பு மறுபடி வந்தது. வாந்தியும் சேரவே அவசரப் பிரிவுக்கு ஓடினோம். அங்கே குளுக்கோஸ் டிரிப் மாட்டப் போனார்கள். "மிஸி, இவனுக்குக் குளுக்கோஸ் ஏத்தலாமான்னு டாக்டரைக் கேளுங்க" என்று நர்ஸிடம் சொன்னேன். "எல்லாப் பிள்ளைக்கும் இதுதான்" என்று பதில் வந்தது. எங்கள் டாக்டர் எழுதிய கடிதத்தை நீட்டிய பிறகே ரத்தச் சர்க்கரையைப் பார்த்து, வெறும் சலைன் ஏற்றினார்கள். சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தால் குளுக்கோஸ் தேவைப்படும், அப்போது தடுக்காதீர்கள்.

சிரப் எழுதினால், மாத்திரையாகவோ ஆசனவாயில் வைக்கும் மருந்தாகவோ தர முடியுமா என்று கேளுங்கள். பற்பசையைக்கூட டயட்டீஷியனிடம் காட்டுங்கள்.

லண்டனில் நடந்து 2008ல் வெளியான ஆய்வில், மூன்று மாதத்தில் இந்த உணவில் இருந்த பிள்ளைகளில் 38 விழுக்காட்டினருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது. இல்லாதவர்களில் 6 விழுக்காடுதான். என் மகன் அந்த 38ல் ஒருவனைப் போலத்தான். தினமும் வந்த வலிப்பு இப்போது எப்போதாவதுதான் வருகிறது. ஒரு மருந்தை மெல்லக் குறைக்க டாக்டரும் சம்மதித்துவிட்டார். மருந்தளவு மாறும்போதெல்லாம் கடிதத்தையும் புதிதாக வாங்கி, பள்ளி ஆசிரியரிடம் ஒரு நகல், மாமியார் கைப்பையில் ஒரு நகல் வைத்துவிடுகிறேன்.