நைட்ரஜனில் எடை ஏன் குறையவில்லை?

டைட்டானியம் தாதுவைக் கரியோடு சூடாக்கி ஆக்சிஜனைப் பிரிக்கும் வேலையில் இறங்கியபோது, என் கவனமெல்லாம் வெப்பநிலையிலும் கரியின் அளவிலும்தான் இருந்தது. உலைக்குள் ஓடும் வாயு, காற்றை வெளியே தள்ளத்தான் என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பு மாறச் சில மாதங்கள் ஆயின.

ரூட்டைல் (டைட்டானியம் டை ஆக்சைடு தாது) தூளையும் கரியாகக் கிராஃபைட்டையும் சேர்த்து அரைத்து, வில்லையாக அழுத்தி, குழாய் உலையில் 1,250 டிகிரி செல்சியஸில் வைப்பேன். முதலில் ஓடவிட்ட வாயு ஆர்கான். டைட்டானியம் டை ஆக்சைடு நேராகக் கார்பைடாகிவிடாது (டைட்டானியமும் கார்பனும் சேர்ந்தது கார்பைடு); ஆக்சிஜன் குறைந்த ஆக்சைடுகள் வழியாகப் படிப்படியாக இறங்கி, இன்னும் கொஞ்சம் ஆக்சிஜன் மிஞ்சிய ஆக்சிகார்பைடாகும். ஆர்கானில் இது நிதானமாகவே நடந்தது. ஹீலியத்தில் வேகம் கூடியது. கரி தாதுவின் ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடாகிறது; அந்த லேசான வாயுவில் அது சீக்கிரம் பரவி வெளியேறிவிடுகிறது.

நைட்ரஜனில்தான் இடறினேன். வினை எவ்வளவு நடந்தது என்பதை வில்லையின் எடையிழப்பை வைத்துத்தான் கணித்தேன். அது நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. இரண்டு முறை திரும்பச் செய்தும் அதேதான். 'நைட்ரஜன் வினையைத் தடுக்கிறது' என்று குறிப்பேட்டில் எழுதியும் வைத்துவிட்டேன். ஆனால் வில்லையின் மேற்பரப்பில் லேசான பொன்பழுப்பு தெரிந்தது. எந்தச் சேர்மம் உருவானது என்று காட்டும் எக்ஸ்-கதிர் படத்தில், கார்பைடுக்கு 41.7 டிகிரி கோணத்தில் வர வேண்டிய முகடு, நைட்ரைடின் (டைட்டானியமும் நைட்ரஜனும் சேர்ந்தது) இடமான 42.6ஐ நோக்கி நகர்ந்திருந்தது.

அப்போதுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 80 கிராம் டைட்டானியம் டை ஆக்சைடு முழுதும் கார்பைடானால் 56 கிராம் கார்பன் மோனாக்சைடு போகும், எடையிழப்பும் 56. நைட்ரைடானாலும் அதே 56 கிராம் போகும், ஆனால் 14 கிராம் நைட்ரஜன் உள்ளே வந்து சேரும். தராசு காட்டுவது 42தான். முழுதாக முடிந்த வினையும் முக்கால்வாசி நடந்ததுபோலத் தெரியும்!

சரி, வெளிவரும் வாயுவையே அளப்போம் என்றால் அங்கும் ஒரு சிக்கல். கார்பன் மோனாக்சைடுக்கும் நைட்ரஜனுக்கும் மூலக்கூறு எடை 28. மூலக்கூறுகளை எடையை வைத்துப் பிரித்துக் காட்டும் நிறை நிறமாலைமானியில் இரண்டும் ஒரே இடத்தில் விழுந்தன. நைட்ரஜன் அகச்சிவப்பை உறிஞ்சாது என்பதால் அகச்சிவப்பு அளவிக்கு மாறினேன். முடிவு தலைகீழானது: ஆர்கானைவிட நைட்ரஜனில் ஆக்சிஜன் வேகமாக வெளியேறியிருந்தது. யோசித்தால் அது நியாயமும்கூட. கார்பன் மோனாக்சைடு ஒரு வளிமண்டல அழுத்தத்தில் இருக்கும்போது கார்பைடு உருவாக ஏறக்குறைய 1,290 டிகிரி வேண்டும் (ஓடும் வாயு கார்பன் மோனாக்சைடை அடித்துச் செல்வதால்தான் 1,250லும் வினை நடக்கிறது). நைட்ரைடுக்கு அதைவிட 100 டிகிரி வாக்கில் குறைவே போதும்.

எல்லாவற்றையும்விட வேகம் ஹைட்ரஜன். அது கரியோடு சேர்ந்து கொஞ்சம் மீத்தேனாகிறது. மீத்தேன் துளைகளுக்குள் நுழைந்து, ஆக்சைடு துகளின் மேலேயே கார்பனைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கரித்துகளும் ஆக்சைடும் ஒட்டியிருக்கும் இடத்தில் மட்டும் வினை நடக்க வேண்டிய கட்டாயம் போய்விடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஆனால் இங்கே ஆக்சிஜனில் ஒரு பங்கு நீராவியாகவும் போகும். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.



இதே வேலையைத் தொடங்குபவர்கள் குளிர்விக்கும் வாயுவையும் கவனியுங்கள். நைட்ரஜனிலேயே குளிரவிட்டால் இறங்கும் வழியிலும் நைட்ரஜன் ஏறிக்கொண்டே இருக்கும். நான் இப்போது வெப்பநிலை இறங்கத் தொடங்கும் முன்பே ஆர்கானுக்கு மாற்றிவிடுகிறேன்.