முப்பத்து நான்கு வயதில் ஐ.டி.ஐ.: வேலைவாய்ப்பு அலுவலகத்தில் நான் தாமதமாகக் கேட்ட கேள்வி

2006ஆம் ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்த வாரத்திலேயே அப்பா என்னை மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றார். அரை நாள் வரிசையில் நின்று பதிந்து வாங்கிய அட்டையை நிலப் பத்திரம் இருந்த இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். "புதுப்பிக்க மட்டும் மறந்துறாத அம்மணி, சீனியாரிட்டி போயிரும்" என்று அவர் சொன்னதை நான் தவறவிடவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, திருமணத்துக்குப் பிறகும், இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும், முதலில் நேரில் சென்றும் பின்னர் இணையத்திலும் பதிவைப் புதுப்பித்துக்கொண்டே வந்தேன். பதிவு மூப்பு ஒருநாள் என்னை ஏதாவது ஒரு அரசுப் பணியில் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று உண்மையாகவே நம்பியிருந்தேன்.

விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர் முதுகில் அடிபட்டு நீண்ட காலம் தறிக்குப் போக முடியாமல் இருந்தபோதுதான் அந்த அட்டையால் எனக்கு முதல் பயன் கிடைத்தது. பதிவு செய்து ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வேலையின்றிக் காத்திருப்போருக்குத் தமிழக அரசு வழங்கும் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு மாதம் 400 ரூபாய். அது மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் சேரும். மூன்று ஆண்டுகள் வரை கிடைக்கும். வருமானத்துக்குக் கிராம நிர்வாக அலுவலரிடமும் வருவாய் ஆய்வாளரிடமும் சான்று பெற வேண்டும், ஆண்டுதோறும் உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்று ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த 14,400 ரூபாய் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களுக்கும் கணவரின் மருந்துக்கும் போயிற்று. அந்தப் பணத்தின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் அந்த மூன்று ஆண்டுகளிலும், காலாண்டுத் தொகை வந்துவிட்டதா என்று பார்த்தேனே தவிர, எந்த வேலைக்கு நான் தகுதியானவள் என்று அந்த அலுவலகத்தில் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. பெயர்ப்பலகையில் 'வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம்' என்று எழுதியிருந்தது. அதன் பின்பாதியை நான் படித்ததே இல்லை.

இடையில் ஒரு தவறும் செய்தேன். மூன்று மாதப் பயிற்சி முடித்தால் வேலை உறுதி என்று சொன்ன ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில், நகையை அடகு வைத்து 18,000 ரூபாய் கட்டினேன். பயிற்சி முடிந்ததும் வழவழப்பான தாளில் ஒரு சான்றிதழ் தந்தார்கள். அதைக் கொண்டுபோன இடங்களில் யாரும் அதை ஒரு தகுதியாக ஏற்கவில்லை. சான்றிதழை வழங்கும் அமைப்புக்கு அரசு அங்கீகாரம் உண்டா என்று சேரும் முன்பே விசாரிக்க வேண்டும் என்ற அடிப்படை எனக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை.

2022ஆம் ஆண்டு கோடையில், ஒரு வெள்ளிக்கிழமை, அந்த அலுவலக வளாகத்திலேயே தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம் நடப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். வந்திருந்த நிறுவனங்கள் கேட்டவை எல்லாம் டிப்ளமோ, ஐ.டி.ஐ. (தொழிற்பயிற்சி நிலையப் படிப்பு), அல்லது முன் அனுபவம். வெறும் பிளஸ் டூவுக்கு இருந்த ஒன்றிரண்டு இடங்களுக்கும் இருபத்தைந்து வயதுக்கு மேல் எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். திரும்பும் வழியில், தொழில்நெறி வழிகாட்டும் பிரிவு என்று எழுதியிருந்த அறையின் கதவு திறந்திருந்ததால் உள்ளே சென்று, என் அட்டையைக் காட்டி, "என் பதிவு மூப்புக்கு எப்போது மேடம் அழைப்பு வரும்?" என்று கேட்டேன். அங்கிருந்த அலுவலர் என்னை உட்காரச் சொன்னார். ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேசினார்.

பதினாறு ஆண்டுகளாக எனக்கு யாரும் சொல்லாத செய்திகளை அவர் வரிசையாகச் சொன்னார். காலியிடங்களைக் கட்டாயமாக அறிவிக்க வேண்டும் என்ற 1959ஆம் ஆண்டுச் சட்டம், அரசு அலுவலகங்களையும் 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்களையும் காலியிடத்தைத் தெரிவிக்கத்தான் கட்டாயப்படுத்தியது. பதிவு செய்தவர்களைத்தான் எடுக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியலோடு நின்றுவிடாமல் பத்திரிகையிலும் விளம்பரம் செய்து ஆளெடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இலேயே கூறியிருந்தது. அரசுப் பணிகளில் பெரும்பாலானவை போட்டித் தேர்வு வழியாகவே நிரப்பப்படுகின்றன. தேர்வு எழுத விருப்பமிருந்தால் அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம் என்றார். வீட்டுச் சூழலில் இரண்டு மூன்று ஆண்டுகள் தேர்வுக்கென்று மட்டும் படிக்க முடியாது என்று நான் சொன்னதும், அவர் கேட்ட அடுத்த கேள்வியை இன்றும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். "வீட்டில் ஏதாவது பழுதானால் யார் பார்க்கிறீர்கள்?"

நான்தான் பார்ப்பேன். மிக்சியின் கார்பன் பிரஷ், மின்விசிறியின் கண்டென்சர், தண்ணீர் மோட்டாரின் ஸ்டார்ட்டர் என்று எங்கள் தெருவில் எது நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதை ஒரு திறமையாக நானும் எண்ணியதில்லை, வீட்டில் யாரும் எண்ணியதில்லை. இதைக் கேட்ட அலுவலர் அரசு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவில் சேரலாம் என்றார். எனக்கு முப்பத்து நான்கு வயதாகிவிட்டது என்று தயங்கினேன். ஆண்களுக்குத்தான் நாற்பது வயது வரம்பு, பெண்களுக்கு உச்ச வயது வரம்பே இல்லை என்று விளக்கக் குறிப்பேட்டைத் திருப்பிக் காட்டினார். இந்த ஒரு வரி எங்கள் ஊரில் எத்தனை பெண்களுக்குத் தெரியும் என்று நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

விண்ணப்பிப்பது எளிது, இணையத்தில் ஐம்பது ரூபாய்க் கட்டணம். சான்றுகளைச் சேர்ப்பதுதான் கடினமாக இருந்தது. மதிப்பெண் பட்டியலில் என் பெயருக்கு முன்னால் அப்பாவின் முதலெழுத்து. ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் கணவரின் முதலெழுத்து. திருமணமான பெண்களில் பலருக்கும் இருக்கும் இந்தச் சிக்கலைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால், உதவித்தொகை வங்கியில் ஏறாது. தேர்வு நுழைவுச்சீட்டில் ஒரு பெயரும் சான்றிதழில் வேறு பெயரும் வந்து சேரும். எதை எதற்குப் பொருந்த மாற்றுவது என்பதில் பலரும் பலவிதமாகச் சொன்னார்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை மாற்றுவது மிக நீண்ட வேலை என்பதால், அதில் உள்ளபடியே ஆதாரைத் திருத்துவதுதான் சரியான வழி. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். ஆகவே ஓர் எழுத்தும் புள்ளியும் பிசகாமல் எழுதிக் கொடுத்து, திருத்தம் வந்த பிறகு அதைக் காட்டி வங்கிக் கணக்கையும், கடைசியாக வேலைவாய்ப்புப் பதிவையும் சரிசெய்தேன். இந்த வரிசையை மாற்றிச் செய்திருந்தால் அந்த ஆண்டுச் சேர்க்கையைத் தவறவிட்டிருப்பேன். பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழின் படி வாங்க நான்கு முறை நடந்ததை இங்கே விரிக்க வேண்டியதில்லை.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையில் தரவரிசை வந்தது, கலந்தாய்வில் இடமும் கிடைத்தது. எலக்ட்ரீஷியன் பிரிவில் ஓர் அணிக்கு இருபது பேர். அவர்களில் பெண்கள் மூவர். மற்றவர்கள் எல்லாம் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள். முதல் நாள் என்னை ஆசிரியர் என்று எண்ணி எழுந்து நின்றவர்கள், ஒரே வாரத்தில் "அக்கா" என்று கூப்பிட்டுக் கணக்கில் சந்தேகம் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மின்சாரம் படிக்க வந்தவர்களின் கையில் முதலில் கொடுத்தது அரம். வைஸில் இரும்புத் துண்டைப் பிடித்து, மட்டப்பலகை வைத்துப் பார்த்தால் வெளிச்சம் புகாத அளவுக்கு ராவ வேண்டும். வாரக்கணக்கில் அதையே செய்தோம். உள்ளங்கை கொப்பளித்து, சோறு பிசையக்கூட முடியாத நாட்கள் இருந்தன. இது எதற்கு என்று ஒருவன் கேட்டபோது, "அளவுக்குப் பழகாத கை பேனலுக்குள் போகக் கூடாது" என்று எங்கள் பயிற்றுநர் சொன்னார். அதன் பொருள் இரண்டாம் ஆண்டில், பெரிய மோட்டார்களை ஓட்டத் தொடங்கும் ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரை இணைக்கும்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் முன்பு தெருவில் செய்து கொண்டிருந்த பழுதுபார்ப்பு எவ்வளவு ஆபத்தானது என்பதையும் அங்கேதான் அறிந்தேன். மோட்டாரின் காப்புத் தடையை மெகர் வைத்து அளக்காமல், எர்த் இருக்கிறதா என்று பார்க்காமல், ஈரத் தரையில் நின்று கையை உள்ளே விட்டிருக்கிறேன். பயிற்சி என்பது தெரிந்ததற்குச் சான்றிதழ் வாங்குவது என்ற எண்ணத்தோடுதான் போனேன். தெரியாமல் செய்துகொண்டிருந்தவற்றை விட்டொழிப்பதற்கே முதல் ஆறு மாதங்கள் ஆயின.

கற்பிக்கக் கட்டணமில்லை. பாடநூல், வரைபடக் கருவிகள், சீருடை, மூடுகாலணி, மிதிவண்டி, பேருந்து அட்டை எல்லாம் கிடைத்தன. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. என்னோடு படித்த இளம்பெண்கள் இருவருக்கும், அரசுப் பள்ளியில் படித்தவர்கள் என்பதால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வந்தது. இவ்வளவு செய்யும் அரசைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த ஏற்பாடுகள் பெற்றோர் வீட்டில் உண்டு உறங்கும் பதினேழு வயதுப் பிள்ளையை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவை. வயது வரம்பை எடுத்துவிட்டுப் பெண்களை அழைக்கும் அரசு, குடும்பத்தை நடத்திக்கொண்டே படிக்க வரும் பெண்ணுக்கு 750 ரூபாய் போதுமா என்பதையும், காலை முதல் மாலை வரை அவள் குழந்தை யாரிடம் இருக்கும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். தேர்வு எழுத 80 விழுக்காடு வருகை கட்டாயம். சின்னவனுக்கு டெங்கு வந்து மருத்துவமனையில் இருந்த பதினொரு நாட்களில், வருகைப் பதிவேட்டைக் கணக்குப் போட்டுப் போட்டு அழுதேன். மாமியார் பொறுப்பேற்றதால்தான் படிப்பு நிற்கவில்லை. பணிமனைப் பக்கம் பெண்களுக்கெனக் கழிப்பறை இல்லாததும் ஒரு பெருந்துன்பம். மூவரும் கையெழுத்திட்டுக் கடிதம் கொடுத்தோம், இரண்டாம் ஆண்டில் கட்டித் தந்தார்கள்.

2024இல் தேர்வு முடிந்தது. கணினி வழித் தேர்வுக்கு நான் மிகவும் அஞ்சியிருந்தேன். மாதிரித் தேர்வுகளை இடைவிடாமல் எழுதிப் பார்த்ததால் தேறினேன். தேசியத் தொழிற்சான்றிதழ் வந்ததும் நேராக வேலைக்குப் போகலாம் என்றிருந்தவளை, அதே பயிற்றுநர் தடுத்து, ஓராண்டு தொழிற்பழகுநராக (அப்ரண்டிஸ்) இருந்துவிட்டுப் போகச் சொன்னார். 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ், 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் குறிப்பிட்ட விழுக்காடு தொழிற்பழகுநர்களை எடுத்தாக வேண்டும். ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கு 2019ஆம் ஆண்டு விதிகளின்படி அப்போது குறைந்தது மாதம் 7,000 ரூபாய் உதவித்தொகை. முதலில் நான் போன ஓர் ஆலையில், பராமரிப்புப் பிரிவில் பெண்களை எடுக்கும் வழக்கமில்லை, அலுவலகத்தில் டேட்டா என்ட்ரி வேண்டுமானால் பார்க்கலாம் என்றார்கள். இரண்டு ஆண்டுகள் அரம் பிடித்துக் காய்த்த கையோடு நின்றுகொண்டிருந்த எனக்கு அது பெரும் அவமானமாக இருந்தது. அங்கிருந்து மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னேன். அவர்கள் அடுத்த சேர்க்கை முகாமின் தேதியைக் குறித்துக் கொடுத்தார்கள். அந்த முகாமில், பம்பு செய்யும் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பொறியாளர் என்னிடம் சான்றிதழைக் கேட்கவில்லை. ஒரு மோட்டாரின் ஆறு முனைகளைக் காட்டி, எது எதனுடன் சேரும் என்று கேட்டார். சொன்னேன். எடுத்துக்கொண்டார்.

ஒரு விவரத்தை இங்கே அழுத்திச் சொல்கிறேன். தொழிற்பழகுநராகச் சேரும்போது இணையத்தில் ஒப்பந்தம் பதிவாகி, அதற்கு ஓர் எண் வந்திருக்க வேண்டும். 'பயிற்சியில் இருங்கள், பதிவைப் பிறகு போடுகிறோம்' என்று சில இடங்களில் சொல்வார்கள். பதிவில்லாத மாதங்கள் கணக்கில் சேராது. ஆண்டு முடிவில் தேசியத் தொழிற்பழகுநர் தேர்வும் எழுத முடியாது. என்னுடன் படித்த ஒரு தம்பி இப்படி ஏழு மாதங்களை இழந்தான்.

ஓராண்டு முடிந்ததும் அதே தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவிலேயே என்னை வைத்துக்கொண்டார்கள். சம்பளத்தில் நகையை மீட்டுவிட்டேன். புதிய இரு சான்றுகளையும் வேலைவாய்ப்புப் பதிவில் கூடுதல் தகுதியாகச் சேர்த்திருக்கிறேன். அந்த அலுவலருக்கு நன்றி சொல்ல நேரில் போனபோது, அவர் மாறுதலாகி வேறு மாவட்டத்துக்குப் போயிருந்தார். அவர் இருந்த நாற்காலியில் இருந்த இளைஞரிடம் என் கதையைச் சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை முகாமுக்கு வரும் பெண்களிடம் வயது வரம்பைப் பற்றி மறக்காமல் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன்.

இந்த ஆண்டு எங்கள் தெருவில் இருவர் விண்ணப்பிக்கிறார்கள். ஒருவருக்கு இருபத்தொன்பது வயது, இன்னொருவருக்கு நாற்பத்தொன்று. இருவருக்கும் முதலெழுத்து மாறித்தான் இருக்கிறது. சனிக்கிழமை காலை ஆதார் சேவை மையத்துக்கு மூவருமாகப் போகிறோம்.