போர்வை விரித்தால் 295 டாலர்

வீடில்லாமல் இருப்பது குற்றம் என்று அமெரிக்க நகரம் எதுவும் சட்டத்தில் எழுதிவைப்பதில்லை. எழுதினால் நிற்காது, ஒருவரின் நிலையையே குற்றமாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1962-இல், போதைக்கு அடிமையாக இருப்பதையே குற்றமாக்கியதை எதிர்த்த ராபின்சன் வழக்கில், சொல்லிவிட்டது. அதனால் ஆளை விட்டுவிட்டு, அவரால் செய்யாமல் இருக்கவே முடியாத காரியங்களைத் தடை செய்கிறார்கள்: நடைபாதையில் படுப்பது, பூங்காவில் தங்குவது, காரில் தூங்குவது.

உச்ச நீதிமன்றம் வரை வழக்காகப் போன, ஓரிகன் மாநிலத்து கிராண்ட்ஸ் பாஸ் நகரச் சட்டப்படி, முகாம் போட்டதாகச் சொல்ல கூடாரம்கூட வேண்டியிருக்கவில்லை. தற்காலிகமாகத் தங்கும் நோக்கத்தில் போர்வை விரித்தாலே போதுமாக இருந்தது. நட்சத்திரம் பார்க்க ஸ்லீப்பிங் பேக்கோடு வருபவருக்கு அபராதம் கிடையாது என்று அந்த ஊர்ப் போலீசாரே சாட்சியம் அளித்தார்கள். அதே பை, அதே புல்தரை. எழுந்து போக ஒரு வீடு இருக்கிறதா என்பதில்தான் தண்டனை தீர்மானமானது.

அந்தச் சட்டத்தில் முதல் அபராதம் 295 டாலராக இருந்தது. கட்டாவிட்டால் 537 டாலர் 60 சென்ட். ஒரே வருடத்தில் இரண்டு முறை பிடிபட்டால், 30 நாள் பூங்காவுக்குள் வரக் கூடாதென உத்தரவு போட முடிந்தது. அதற்குப் பிறகும் அங்கே படுத்தால் அத்துமீறல். 30 நாள் வரை சிறை, 1,250 டாலர் வரை அபராதம். தூங்கியதற்குப் போட்ட அபராதச் சீட்டு இப்படித்தான் கிரிமினல் வழக்கானது. இந்தச் சட்டத்தை எதிர்த்து அங்கே வழக்குத் தொடுத்தவர்களில் ஒரு பெண்மணிக்கு அபராத பாக்கியே 5,000 டாலரைத் தாண்டியிருந்தது.

கட்டாத பாக்கி வசூல் நிறுவனத்துக்குப் போகலாம். வாடகைக்கு விடுபவர் குற்றப் பதிவைப் பார்ப்பார். நோட்டீஸ் தபாலில் வருகிறது, வாங்க முகவரி இல்லை. வாய்தா தவறினால் பல ஊர்களில் பிடிவாரண்ட். முகாமை அகற்றும்போது அடையாள அட்டையும் மாத்திரையும் குப்பை வண்டியில் போய்விட்டால், வேலைக்கோ உதவித்தொகைக்கோ விண்ணப்பிக்க மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். தெருவிலிருந்து ஆளை வெளியேற்றத்தான் சட்டம் என்கிறார்கள். அது வெளியேறும் வழியைத்தான் அடைக்கிறது.

காப்பகத்தில் இடமில்லாதபோது வெளியில் தூங்குவதைத் தண்டிக்கக் கூடாதென ஓரிகன் உள்ளிட்ட மேற்கு மாநிலங்களுக்கான ஒன்பதாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. 2024 ஜூன் 28 அன்று, கிராண்ட்ஸ் பாஸ் வழக்கில், உச்ச நீதிமன்றம் 6-3 என்று அந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டது.

ஆனால் அது கொடூரத் தண்டனைக்கு எதிரான, அமெரிக்க அரசியலமைப்பின் எட்டாவது திருத்தப் பிரிவைப் பற்றிய தீர்ப்பு மட்டுமே. உடைமைகளைப் பறித்து அழிப்பதை எதிர்க்க உதவும் லவான் தீர்ப்பு, 2012-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக்கு எதிராக வந்தது, அரசியலமைப்பின் வேறு திருத்தங்களின் மேல் நிற்கிறது. ஓரிகனில் 2021-இல் இயற்றிய மாநிலச் சட்டம், உட்காரவும் படுக்கவும் நகரங்கள் விதிக்கும் கட்டுப்பாடு, வீடில்லாதவர்களைக் கணக்கில் கொண்டு நேரம், இடம், முறை மூன்றிலும் நியாயமாக இருக்க வேண்டும் என்கிறது. சீட்டு வாங்கியவருக்குத் துணை நிற்பவர் முதலில் பார்க்க வேண்டியது வாய்தா தேதி. அன்று ஆஜராவதோடு, நோட்டீஸ் வந்து சேர ஒரு தபால் முகவரியையும் நீதிமன்றத்தில் பதிந்துவிட வேண்டும்.