சாகுபடி நோட்டைப் பைத்தானில் ஏற்றியபோது

குடவாசல் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில், அப்பா ஒவ்வொரு போகத்திற்கும் ஒரு நோட்டு எழுதி வந்தார். எந்தச் செய்யில் (வயலில்) என்ன ரகம் நட்டது, எத்தனை மா நிலம், கண்டுமுதல் (விளைச்சல்) எத்தனை மூட்டை, நெல் எந்த ஊர் வியாபாரிக்குப் போனது என்பதெல்லாம் அதில் வரிக்கு வரி இருக்கும். அந்த நோட்டுகளை ஒரு கோப்பில் தட்டச்சு செய்து பைத்தான் என்னும் நிரல்மொழியில் கணக்குப் பார்க்க உட்கார்ந்தபோதுதான், ஆங்கில எடுத்துக்காட்டுகளை மட்டும் வைத்து நான் படித்திருந்த ‘சரம்’ என்னும் பாடத்தில் முக்கியமான பாதி விடுபட்டிருப்பது தெரிந்தது. தமிழில் எழுதிப் படிப்பவர்கள் தமிழ்ச் சொற்களைக் கொண்டே சரங்களைக் கற்க வேண்டும் என்பது அன்றிலிருந்து என் உறுதியான கருத்து.

மேற்கோள் குறிகளுக்குள் இடப்படும் எந்த எழுத்துத் தொடரும் பைத்தானுக்கு ஒரு சரம். பிளஸ் டூ கணினி அறிவியல் பாடநூலும் இந்தச் சொல்லையே ஆள்கிறது. பூச்சரத்தை நினைத்துக்கொண்டால் பொருளும் எளிதில் விளங்கும். தொடுத்து முடித்த சரத்தின் நடுவே ஒரு பூவை மட்டும் மாற்ற முடியாததைப் போல, பைத்தானிலும் உருவாக்கிய சரத்தின் ஓர் எழுத்தை அதன் இடத்திலேயே மாற்ற முடியாது. மாற்றம் வேண்டுமென்றால் புதிய சரம் ஒன்றைத் தொடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கும் ரீப்ளேஸ் என்னும் செயற்கூறு (பெயர் சொல்லி அழைத்தால் ஒரு வேலையைச் செய்து தரும் ஆயத்த நிரல்) செய்வதும் அதுதான். அது பழைய சரத்தைத் தொடாமல் புதியதொன்றைத் திருப்பித் தருவதால், அதை ஒரு மாறியில், அதாவது மதிப்பை வைத்துக்கொள்ளும் ஒரு பெயரில், வாங்கி வைக்காவிட்டால் செய்த வேலை வீணாகிவிடும்.

கோப்பில் ஒரு வரி இப்படி இருக்கும்:

வரி = "சம்பா,கொல்லைச் செய்,சிஆர் 1009,6 மா,64"

ஸ்பிளிட் என்னும் செயற்கூற்றிடம் காற்புள்ளியைக் கொடுத்தால் இந்த வரி ஐந்து துண்டுகளாகப் பிரிந்து வரும். ஐந்தும் சரங்களே என்பதை மறந்துவிடக் கூடாது. கடைசித் துண்டான 64 என்பது மூட்டைக் கணக்கு என்று நமக்குத் தெரியும். பைத்தானுக்கு அது 6, 4 என்ற இரண்டு எழுத்துகள் மட்டுமே. "64" என்பதோடு "58" என்பதைக் கூட்டினால் 122 கிடைக்காது, "6458" கிடைக்கும். இன்ட் என்னும் செயற்கூற்றைக் கொண்டு எண்ணாக மாற்றிய பிறகே கூட்ட வேண்டும். அதே வேளையில் சிஆர் 1009 என்பதில் உள்ள 1009 ரகத்தின் பெயரில் ஒரு பகுதி என்பதால் அதைச் சரமாகவே விட்டுவிட வேண்டும். எதை எண்ணாக மாற்றுவது, எதை மாற்றாமல் விடுவது என்பது நிலத்தை அறிந்தவர் எடுக்க வேண்டிய முடிவு.

குறுவைக் கணக்கைக் கூட்டியபோது, பட்டியலில் குறுவை என்ற பெயர் இரண்டு முறை, வெவ்வேறு மொத்தங்களோடு வந்தது. சில வரிகளில் சொல்லுக்குப் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்ததே காரணம். ஸ்ட்ரிப் என்னும் செயற்கூறு சரத்தின் இரு முனைகளிலும் உள்ள இடைவெளிகளை நீக்கிவிடும் என்பதால் அது எளிதில் தீர்ந்தது. கோப்பைத் திறக்கும்போது அதன் குறியாக்கம், அதாவது எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை, யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாகக் குறிப்பிடுவதையும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். விண்டோஸ் கணினியில் அதை விட்டுவிட்டால், தமிழ் எழுத்துகள் பொருளற்ற லத்தீன் குறிகளாக மாறி வரும், அல்லது நிரல் பிழைச் செய்தியோடு நின்றுவிடும்.

இனிமேல் சொல்லப்போவதை ஆங்கிலச் சொற்களை வைத்துப் படிப்பவர் காணவே மாட்டார். 2008 டிசம்பரில் வெளிவந்த பைத்தான் 3 முதல் எல்லாச் சரங்களும், உலக மொழிகளின் எழுத்துக்குறிகளுக்குப் பொதுவான எண் தரும் யூனிகோடு முறையில் அமைந்த சரங்கள். மாறிகளுக்கும் தமிழில் பெயர் வைக்கலாம். எனவே கீழே உள்ளது அப்படியே ஓடும் (இரண்டாம் வரி, சரத்தின் முதல் நான்கு இடங்களை மட்டும் வெட்டித் தரச் சொல்கிறது):

ஊர் = "தஞ்சாவூர்"
ஊர்[0:4]

தஞ்சாவூரில் ஐந்து எழுத்துகள்: த, ஞ், சா, வூ, ர். ஆனால் நீளத்தைச் சொல்லும் லென் என்னும் செயற்கூற்றைக் கேட்டால் 9 என்று விடை வரும். யூனிகோடில் ஞ் என்பது ஞ, புள்ளி என இரண்டு குறிகள். சா என்பது ச, கால் என இரண்டு. வூ, ர் ஆகியவையும் அப்படியே. தமிழின் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் யூனிகோடில் இல்லை. உயிரும் அகரமேறிய மெய்யும் ஆய்தமும் தனியாகவும், புள்ளியும் கால், கொம்பு முதலிய உயிர்க்குறிகளும் தனியாகவும் இருக்கின்றன. பைத்தான் எண்ணுவது இந்தக் குறிகளைத்தான். அதனால்தான் மேலே உள்ள ஊர்[0:4] நான்கு எழுத்துகளைத் தராமல், காலை இழந்த "தஞ்ச" என்பதைத் தருகிறது. கடைசி இடத்தைக் குறிக்கும் ஊர்[-1] என்று கேட்டால் ர் வராது. வெறும் புள்ளி மட்டும் வரும். கோப்பில் சேமிக்கும்போது ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுத்துக்கொள்வதால், ஐந்து எழுத்துள்ள தஞ்சாவூர் 27 பைட் ஆகிவிடுகிறது.

தொடக்கநிலைப் பயிற்சிகளில் எங்கும் தவறாமல் வருவது, ஒரு சொல்லைத் திருப்பிப் போட்டாலும் அதுவாகவே இருக்கிறதா என்று பார்க்கும் பயிற்சி. திருவாரூர் ஆழித்தேர் ஓடும் பகுதியில் வளர்ந்த எங்களுக்கு அதற்கான எடுத்துக்காட்டு ‘தேரு வருதே’ என்பதுதான். ரீப்ளேஸைக் கொண்டு இடைவெளியை நீக்கிவிட்டு, சரத்தைத் திருப்பும் [::-1] என்பதைச் சேர்த்துப் பார்த்தேன். தே, ரு, வ, ரு, தே என்று எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றாக இருக்கும் இந்தத் தொடரைப் பைத்தான் ஒன்றல்ல என்று சொன்னது. கடைசி தே என்பதன் இரட்டைச் சுழிக் கொம்பு, திருப்பியபோது எந்த எழுத்தையும் சாராமல் முன்னால் தனியே வந்து நின்றது. அடுத்து வந்த த, ரு என்பதிலிருந்து பிரிந்த உகரக் குறியைப் பெற்றுத் து ஆகிவிட்டது.

இதற்கான தீர்வு கடினமானதன்று. சரத்தின் குறிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அது புள்ளியாகவோ உயிர்க்குறியாகவோ இருந்தால் முந்தைய எழுத்தோடு ஒட்டிவிட்டு, இல்லையென்றால் புதிய எழுத்தாகப் பட்டியலில் சேர்த்தால் போதும். ஓப்பன் தமிழ் என்னும் நிரலகத்தில் (ஆயத்த நிரல்களின் தொகுப்பில்) இதற்கென்றே ஆயத்தமான செயற்கூறு இருக்கிறது. என்றாலும், முதல் முறை நீங்களே எழுதிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பத்து வரிக்குள் முடியும் அந்த நிரலில் மடக்கு (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது), நிபந்தனை, பட்டியல், சரம் ஆகிய நான்கும் ஒருசேரக் கைக்கு வந்துவிடும். பட்டியலைத் திருப்பி ஒப்பிட்டால் தேரு வருதே சரியாகவே வருகிறது.

என்னை இரண்டு நாள் அலைக்கழித்தது கொல்லைச் செய் என்ற வயற்பெயர். திரையில் ஒன்றுபோலவே தெரிந்த இரண்டு கொல்லைச் செய்களைப் பைத்தான் வேறு வேறு என்றது; ஸ்ட்ரிப் செய்தும் பயனில்லை. நீளத்தைப் பார்த்தேன். ஒன்றுக்கு 13, மற்றொன்றுக்கு 14. கொ என்பதைக் க என்பதோடு ஒற்றை ஒகரக் குறியைச் சேர்த்தும் எழுதலாம். க, ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்று குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து பிறகு யூனிகோடுக்கு மாற்றிய பக்கங்களில் மூன்று குறி வடிவம் புகுந்திருந்தது. யூனிகோடுடேட்டா என்னும் தொகுதியில் உள்ள நார்மலைஸ் என்னும் செயற்கூற்றுக்கு என்எஃப்சி என்ற வடிவத்தைக் குறிப்பிட்டுக் கொடுத்தால், எல்லாம் முதல் வடிவத்திற்கு வந்துவிடுகின்றன. தமிழ்க் கோப்பு எதைப் படித்தாலும் ஒப்பிடுவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.

நெல் போன ஊர்களை அகரவரிசைப்படுத்தியபோது மன்னார்குடி முதலிலும் மயிலாடுதுறை பின்னாலும் வந்தன. நம் அகராதி வரிசையில் னகரம் கடைசி மெய் என்பதால் மயிலாடுதுறைதான் முன்னால் வர வேண்டும். யூனிகோடிலோ னகரம் நகரத்தை அடுத்தே வைக்கப்பட்டிருக்கிறது. இதைச் சரிசெய்ய இன்னொரு சரமே உதவுகிறது:

மெய்வரிசை = "கஙசஞடணதநபமயரலவழளறன"

இந்தச் சரத்தில் ஓர் எழுத்து எந்த இடத்தில் இருக்கிறது என்று இண்டெக்ஸ் என்னும் செயற்கூற்றைக் கேட்டால் யகரத்திற்கு 10, னகரத்திற்கு 17 என்று வரும் (பைத்தான் இடங்களைச் சுழியத்திலிருந்து எண்ணும்); அந்த எண்ணையே வரிசைப்படுத்தும் திறவுகோலாகக் கொள்ளலாம். அக்கா என்பது அகம் என்பதற்கு முன் வர வேண்டுமானால் புள்ளி எழுத்துக்கும் முதலிடம் தந்தாக வேண்டும். அதையும் சேர்த்திருக்கிறேன்.

இப்போது தாத்தாவின் நோட்டுகளைத் தட்டச்சு செய்யத் தொடங்கியிருக்கிறேன். அவற்றில் தமிழ் எண்கள் இருக்கின்றன. இன்ட் என்னும் செயற்கூறு ௧௨ என்பதை 12 என்று சரியாகவே படிக்கிறது. ஆனால் தாத்தா பழைய முறைப்படி ௰௨ என்று எழுதியிருக்கிறார், பத்தைக் குறிக்கும் ௰ இலக்கமாகக் கொள்ளப்படாததால் பைத்தான் அதை ஏற்பதில்லை. அதற்கான மாற்றியை எழுதி முடித்துவிட்டேன். அடுத்தபடியாக, வரியின் தொடக்கத்தில் ௸ என்ற மேற்படிக் குறி வரும் இடங்களில் எல்லாம் மேல் வரியின் செய்ப்பெயரை எடுத்து நிரப்பும் பகுதியை எழுதிக்கொண்டிருக்கிறேன்.